கடற்காற்றில் அந்திப் படங்கள்: நடையும் செய்முறையும்

பொழுது சாயும் நேரத்து வானத்தைப் படமெடுப்பது பெரிய வித்தை இல்லை. நிறம் தானாக வருகிறது, ஒளி தானாக மென்மையாகிறது, கைபேசியைத் தூக்கிப் பிடித்தாலே ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். கடற்கரையில் காற்று பலமாக வீசும் நாளில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. கேமரா அதிரும், லென்ஸில் உப்பு படியும், மணல் கிடைத்த இடுக்கிலெல்லாம் புகப் பார்க்கும். அதனால், அப்படிப்பட்ட ஒரு மாலையில் நான் எடுத்த படங்களை வைத்து எழுதும் இந்தப் பதிவில் ஒளியைவிடக் காற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். காற்றுக்கு ஏற்றபடி நிற்கும் இடத்தையும் நேரத்தையும் கருவியையும் அமைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது என்பது என் அனுபவம்.

கிளம்புமுன் பார்த்துக்கொண்டவை

சூரியன் மறையும் நேரம், திசை, ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது), காற்று. இவை தெரியாமல் நான் கரைக்குப் போவதில்லை.

சூரியன் சரியாக மேற்கில் மறைவது மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டித்தான். ஜூனில் வடக்கே தள்ளிப் போய் இறங்கும், டிசம்பரில் தெற்கே. நிலநடுக்கோட்டுப் பக்கமே இந்த விலகல் இருபுறமும் ஏறக்குறைய 23 பாகை இருக்கும், துருவங்களை நோக்கிப் போகப்போக இன்னும் கூடும். ஒரு குறிப்பிட்ட பாறைக்கு நேர் பின்னால் சூரியன் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், அதற்கு உரிய வாரங்களில்தான் போக வேண்டும்.

ஓதத்தைப் பொறுத்தவரை எனக்குத் தேவைப்பட்டது நீர் இறங்கும் நேரம். பல கரைகளில் ஒரு நீர்ப்பெருக்குக்கும் அடுத்ததுக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் இருக்கும். அதாவது நேரம் நாளுக்கு 50 நிமிடம்போலத் தள்ளிப் போகும். இன்று அந்தி நேரத்தில் நீர் உச்சத்தில் நிற்கிறதென்றால், சில நாள் முன்னதாக அதே நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்திருக்கும். நீர் இறங்கும்போது பின்னால் அகலமான ஈர மணல் விரியும். வானம் அதில் அப்படியே தெரியும். அதைவிட முக்கியமான காரணம், ஈர மணல் காற்றில் பறக்காது. இந்த விஷயத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அன்று காற்று மணிக்கு 30 கி.மீ. இருக்கும், இடையிடையே 40 வரை வீசும் என்று முன்னறிவிப்பு சொன்னது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட் 1805-இல் வகுத்த காற்று அளவுகோலின் இன்றைய வடிவத்தில் இது 5, 6-ஆம் எண்களுக்குள் வரும். கருவி எதுவும் வேண்டாம், கடலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெள்ளை நுரைத் தலைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் 3. எங்கு பார்த்தாலும் நுரையாக இருந்து, கொஞ்சம் சாரலும் அடித்தால் 5. படமெடுப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். 20 கி.மீ. காற்றில் அசையாமல் நின்ற ட்ரைபாட் (கேமரா முக்காலி) 40-இல் நடுங்குவதற்குக் காரணம் இதுதான்.

வெயில் காயும் நாட்களில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்பி, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. பிற்பகலில் இது உச்சத்துக்குப் போய், பொழுது சாயச்சாயத் தணிவது வழக்கம். கடற்காற்று மட்டும் என்றால் சூரியன் மறைந்த பிறகு நீண்ட எக்ஸ்போஷர், அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுப்பது, சுலபமாகிவிடும். பெரிய வானிலை மாற்றத்தோடு வரும் காற்று அப்படித் தணியாது. முன்னறிவிப்பில் மணிவாரியாகப் பார்த்தால் இந்த வித்தியாசம் புரிந்துவிடும்.

மணல் பை

ட்ரைபாடுக்குப் பாரம் கட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கேமரா பையையே நடுக்கம்பியின் கொக்கியில் மாட்டுவதுதான் வழக்கமான யோசனை. காற்றில் அது உதவாது. தொங்கும் பை ஊசலாடத் தொடங்கும், ஊசலாட்டம் நேராகக் கேமராவுக்குப் போகும். பாரமே அதிர்வுக்குக் காரணமாகிவிடும்.

அதனால் கெட்டித் துணியில் ஒரு சுருக்குப் பை தைத்தேன். பழைய ஜீன்ஸ் கால்துணி இதற்கு மிகப் பொருத்தம். ஒரு முனையை இரட்டைத் தையலாக மூடி, மறுமுனையில் நாடா கோத்து, இரண்டு லிட்டர் கொள்ளும் அளவுக்கு வைத்தேன். போகும்போது வெறும் துணிதான், சட்டைப் பையில் அடங்கும். கரையில் ஈர மணலை அள்ளிப் போட்டால் 4 கிலோவுக்கு நெருக்கமாக வந்துவிடும். உலர்ந்த மணல் என்றால் 3 கிலோ. நாடாவை ட்ரைபாடின் கொக்கியில் கட்டும்போது பையின் அடி தரையைத் தொட வேண்டும், நாடாவும் விறைப்பாக இருக்க வேண்டும். பாரம் கீழே இழுக்கிறது, தரை அதை ஆட விடுவதில்லை. திரும்பும்போது மணலைக் கொட்டிவிட்டு உதறிக்கொண்டு வந்தால் போதும்.

கேமரா தோள்பட்டியையும் கழற்றிவிட்டேன். இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் பயன் குறைவு. அகலமான பட்டி காற்றில் படபடவென்று அடிக்கும்போது ஒவ்வொரு அடியும் படத்தில் பதிகிறது. கழற்ற முடியாத பட்டியாக இருந்தால் சுருட்டி ரப்பர் பேண்ட் போடலாம்.

கழுவி உலர்த்திய மைக்ரோஃபைபர் துணிகள் சில, ஒரு சின்னப் புட்டியில் நல்ல தண்ணீர், தூசியை ஊதும் ப்ளோயர், ரிமோட் ஷட்டர், ஒரே ஒரு ஜூம் லென்ஸ், ஒளியை 64-இல் ஒரு பங்காகக் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர். இவ்வளவுதான் எடுத்துப் போனது. லென்ஸ் 24-105 மி.மீ. காற்றடிக்கும் கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது என்பதால் ஒரே லென்ஸில் முடித்துக்கொள்ளும்படி தேர்ந்தெடுத்தேன். மாற்றும்போது சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் பகுதி) விழும் தூசி, எஃப் 11 போல லென்ஸின் ஒளித்துளையைச் சிறிதாக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். அதுவும் அந்தி வானத்தின் வழுவழுப்பான நிறத்தில் புள்ளி புள்ளியாக.

நிற்கும் இடம்

கரைக்குப் போனபோது சூரியன் இன்னும் ஒன்றரை முஷ்டி உயரத்தில் இருந்தது. கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தின் மேல் வைத்தால் அது சுமார் 10 பாகையை மறைக்கும். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அது செங்குத்தாக இறங்கும் இடங்களில் ஒரு முஷ்டிக்கு 40 நிமிடம் என்று கணக்கு. நிலநடுக்கோட்டைவிட்டு விலகிய இடங்களில் சாய்வாக இறங்குவதால் கூடுதல் நேரம் கிடைக்கும்.

கண்ணைக் கூசும் அந்த நேரத்தை இடம் பார்க்கச் செலவழித்தேன். காற்று முன் இடப்பக்கத்திலிருந்து வந்தது. கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும் காற்றுதான் மிகத் தொல்லையானது. சாரலை நேராக லென்ஸில் கொண்டுவந்து போடும். அதனால் கரையோரமாக நடந்து, காற்று வரும் பக்கத்தில் ஒரு பாறைத் திட்டு மறைக்கும் இடத்தைத் தேடினேன். பாறையை ஒட்டி நிற்பதில் ஆபத்து உண்டு, அலை அங்கே எதிர்பாராத உயரத்துக்கு எழும். சில அடி பின்னால், நிலப்பக்கமாக நின்றாலே காற்று வெகுவாகக் குறைகிறது. நிற்பதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா நின்று அலைகளைக் கவனித்தேன். பெரிய அலைகள் கூட்டமாக வரும். இரண்டு மூன்று கூட்டங்கள் வந்து போகும்வரை பார்த்தால்தான் நீர் எதுவரை ஏறுகிறது என்று தெரியும். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்திருந்தாலும் கடலுக்கு முதுகு காட்டுவதில்லை.

இப்போது ஈர மணல் விஷயம். காற்றில் பறக்கும் மணல் பெரும்பாலும் தரையை ஒட்டியே குதித்துக் குதித்துப் போகிறது. முழங்கால் உயரத்துக்கு மேலே வருவது கொஞ்சம்தான். ஆகவே உலர்ந்த மணலில் கேமராவைத் தாழ்த்தி வைப்பது அதை மணலால் தேய்ப்பதற்குச் சமம். ஆனால் தாழ்வாக இருக்கும் இடத்தில்தான் காற்றின் வேகமும் குறைவு. இந்த முரணுக்கு விடை ஈர மணல்தான். நீர் பின்வாங்கிய பகுதியில் மணல் எழும்பாது, காற்றோ கீழே மெதுவாக இருக்கும். அங்கே போய் ட்ரைபாட் கால்களின் மெல்லிய அடிப்பகுதியை இழுக்காமல், நடுக்கம்பியை உயர்த்தாமல், கால்களை அகலமாக விரித்து இடுப்புக்குக் கீழே வைத்தேன். ஒரு கால் காற்று போகும் திசையைப் பார்த்து இருந்தால் தள்ளும் விசையை அது தாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு காலையும் மணலுக்குள் அழுத்தி, இனி இறங்காது என்று உணரும்வரை குத்தினேன். இல்லையென்றால் அலை வந்து போகும்போது காலடி மணல் கரைந்து கேமரா மெதுவாகச் சாயும்.

ஈர மணலின் மேல் தாழ்வாக நிற்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வானத்தின் பிரதிபலிப்பு முன்னால் வந்து படத்தில் பாதி இடத்தைப் பிடிக்கிறது. காற்றுக்காகக் குனிந்தாலும் படம் அழகாகிறது என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த நிலை.

எடுக்கும் முறை

வழக்கமாக 2 நொடி டைமர் வைத்துக் கையை எடுத்துவிடச் சொல்வார்கள். காற்றில் அது பொருந்தாது. காற்று ஒரே சீராக வீசுவதில்லை, வேகம் ஏறும், கொஞ்சம் தணியும், மறுபடி ஏறும். டைமருக்கு அது தெரியாது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காதருகே காற்றின் இரைச்சல் தணியும் கணத்தில் அழுத்தினேன். அப்படியும் ஒரே காட்சியை ஐந்தாறு படமாகத் தொடர்ந்து எடுப்பேன். பிறகு கடலை விட்டுவிட்டு அசையாத பாறை விளிம்பை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பேன். அலை கலங்கலாக இருப்பது நாம் விரும்பியதாக இருக்கலாம், பாறை விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் அது அதிர்வு.

கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனை ட்ரைபாடில் அணைத்துவிட வேண்டும் என்பது பழைய விதி. காற்றில் கேமராவுக்குக் கேமரா பலன் மாறுகிறது. போட்டும் அணைத்தும் ஒவ்வொரு படம் எடுத்து அதே பாறை விளிம்பைப் பார்த்து முடிவு செய்வதே நல்லது. லென்ஸின் முன்னால் மாட்டும் மறைப்பான ஹூட் இன்னொரு தர்மசங்கடம். காற்றைப் பிடிக்கும், ஆனால் சாரலைத் தடுக்கும். ஷட்டர் 1/250 நொடியைவிட வேகமாக இருக்கும்வரை ஹூட் போட்டிருந்தேன், அப்புறம் கழற்றினேன்.

லென்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல அலைக்காகக் காத்திருக்கக் கூடாது. சட்டகத்தை அமைத்துவிட்டு லென்ஸின் மேல் துணியைப் போட்டு வைத்தேன். அலை வரும்போது துணியை எடுத்து, அழுத்தி, மறுபடி மூடினேன். சாரல் படிந்தால் உடனே உலர்ந்த துணியால் தேய்க்கத் தோன்றும். அதில் உப்புப் படிகமும் மணலும் இருந்தால் கோட்டிங்கில் கீறல் விழும். முதலில் ப்ளோயர், பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுப்பது, கடைசியில் உலர்ந்த துணி. சூரியன் எதிரே இருக்கும்போது லென்ஸில் ஒரு சிறு துளி இருந்தாலும் படத்தில் பெரிய ஒளிப்பொட்டாக விரியும். எஃப் 16 போலச் சிறிய துளை வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். அதனால் எஃப் 8-க்கும் 11-க்கும் இடையிலேயே இருந்தேன்.

படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடவில்லை. கேமரா அந்தியின் செம்மையைக் குறையென்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். பகலொளி அமைப்பிலேயே வைத்தேன். படங்கள் ரா வடிவில் (கேமரா திருத்தாத மூலப் பதிவு) இருப்பதால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்தான், ஆனால் கரையில் திரையில் தெரியும் நிறமே நம் அடுத்த முடிவை நிர்ணயிக்கிறது. எக்ஸ்போஷருக்கு மொத்த ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்புறம் இருளும் வலப்புறம் வெளிச்சமுமாகக் காட்டும் வரைபடத்தை, நம்பவில்லை. அந்தியில் முதலில் எரிந்துபோவது சிவப்பு. மொத்த வரைபடம் பத்திரமாகத் தெரிந்தாலும் சிவப்பு மட்டும் வலது சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். சூரியனைச் சுற்றியுள்ள வானம் விவரமில்லாத ஆரஞ்சுத் திட்டாக வருவது இதனால்தான். மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு சுவரை விட்டு விலகும்வரை குறைத்தேன்.

காற்றையே படமாக்குதல்

சூரியன் ஒரு முஷ்டிக்குக் கீழே வந்ததும் உலர்ந்த மணல் பக்கம் திரும்பினேன். தரையோடு ஓடும் மணல் கீற்றுகள் எதிர்வெயிலில் பொன்னிறமாகத் தெரிந்தன. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாதவை. 1/1000 நொடியில் எடுத்தால் துகள்கள் புள்ளிகளாக உறைந்து நிற்கும், 1/15-இல் கோடுகளாக நீளும். எனக்கு 1/15 பிடித்தது, ஏனென்றால் காற்று எந்தத் திசையில் போகிறது என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. கேமரா இடுப்புயரத்தில் இருந்தது, கீற்றுகள் கணுக்காலோடு போயின. மணல்மேட்டுப் புற்களையும் இப்படி எடுக்கலாம், 1/8 நொடியில் தண்டு நிற்கும், நுனி மட்டும் ஆடும்.

பறவைகளுக்குக் காற்று நல்ல வழிகாட்டி. கடற்காகங்களும் ஆலாக்களும் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் எழும்பும் பறவையின் முகம் நம்மைப் பார்த்து வரும். பக்கவாட்டில் நின்றால் சிறகின் முழு விரிவு கிடைக்கும். பறவைகளுக்குப் பின்னால் சூரியன் இருந்ததால் நிழலுருவமாகத்தான் வந்தன. சிறகு உடலோடு ஒட்டாத கணம் மட்டுமே நல்ல உருவம் தரும் என்பதால் 1/1000-இல் தொடர்ச்சியாக எடுத்து, பெரும்பாலானவற்றை அழித்தேன்.

அலைக்கு வேறு வேகம். கரை ஏறிய நீர் பின்வாங்கும்போது அரை நொடி கொடுத்தால் நுரை கோடுகளாக இழுபடும், நீரின் ஓட்டம் தெரியும். 30 நொடி கொடுத்தால் கடல் பனிமூட்டமாகிவிடும். பலர் அதை விரும்புகிறார்கள். காற்றடிக்கும் கடலைச் சலனமில்லாத பாலாகக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை, அந்த மாலையின் குணமே அதில் அழிந்துபோகிறது. ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 11-இல் வானத்துக்கு 1/30 நொடி வந்தபோது 6 ஸ்டாப் ஃபில்டரைப் போட்டதும் 2 நொடி ஆனது. அதிலிருந்து ஐ.எஸ்.ஓ.-வை 400-க்கு ஏற்றி அரை நொடிக்கு வந்தேன். அந்தக் காற்றில் 2 நொடி தாங்காது, அரை நொடி தாங்கியது.

வட்டம் இறங்கும் நேரம்

சூரிய வட்டம் அரைப் பாகை அகலம்தான். அடிவானத்தைத் தொட்டதிலிருந்து முழுக்க மறைய, செங்குத்தாக இறங்கும் இடங்களில் 2 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் அடிவானத்தில் சூரியன் தன் அகலத்தைவிடச் சற்று அதிகமாக உயர்ந்து தெரிகிறது. அடி விளிம்பு நீரைத் தொடுவதாக நாம் காணும்போது உண்மையில் சூரியன் முழுவதும் கீழே போய்விட்டது. கீழ் விளிம்பு மேல் விளிம்பைவிட அதிகம் உயர்த்தப்படுவதால்தான் வட்டம் தட்டையாகத் தெரிகிறது.

சென்சாரில் சூரியனின் அளவு வேண்டுமென்றால் லென்ஸின் குவியத் தூரத்தை 110-ஆல் வகுக்க வேண்டும். 105 மி.மீ.-இல் 1 மி.மீ.-க்கும் குறைவு. 24 மி.மீ. உயரமுள்ள சென்சாரில் அது ஒரு சின்னப் பொட்டு. பெரிய சூரியன் வேண்டுமென்றால் 400 மி.மீ. வேண்டும், அந்தக் காற்றில் அது வேறு போராட்டம். நான் சூரியனைச் சிறிதாகவே விட்டு, ஈர மணலில் நீளும் ஒளிப்பாதையை நடுவில் வைத்தேன். ஆப்டிகல் வ்யூஃபைண்டர் உள்ளவர்கள் சூரியன் பிரகாசமாக இருக்கும்வரை அதன் வழியாகப் பார்க்கவே வேண்டாம். லைவ் வ்யூ திரையே போதும்.

உடன் வந்த நண்பர் கைபேசியில் எடுத்தார். சூரியனுக்குப் பக்கத்தில் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக் குந்தி உட்கார்ந்தார். கைபேசிக்குக் காற்று பிடிக்கும் பரப்பு குறைவு, ஷட்டரும் வேகம். அதன் ஒரே எதிரி லென்ஸ் கண்ணாடியில் படியும் உப்புப் படலம். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டார், அவர் படங்கள் பளிச்சென்று வந்தன.

சூரியன் மறைந்ததும் அவர் கிளம்பத் தயாரானார். "கொஞ்சம் இருங்க, இனிமேதான் இருக்கு" என்று நிறுத்தினேன். மேலே மெல்லிய உயர மேகங்கள் இருந்தன. தரைக்கு ஒளி வராத பிறகும் அவற்றின் அடிப்பக்கத்தில் வெயில் படும், அந்த ஒளி மிக நீண்ட காற்றுப் பாதையைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிவிட்டுச் செம்மை மட்டும் மிஞ்சும். கொஞ்ச நேரத்தில் மேகம் பற்றிக்கொண்டது. கிழக்கே திரும்பிப் பார்த்தால் அடிவானத்தை ஒட்டி நீலச் சாம்பல் பட்டை, அதன் மேலே இளஞ்சிவப்புப் பட்டை. கீழே இருப்பது பூமியின் நிழல். மேற்கையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

வெளிச்சம் குறையக் குறைய ஃபில்டர் தேவைப்படவில்லை, எஃப் 11-இல் தானாகவே அரை நொடி வந்தது. காற்றும் கொஞ்சம் தணிந்திருந்தது. அன்றைய தேறிய படங்களில் பாதி சூரியன் மறைந்த பிறகு எடுத்தவை.

திரும்பிய பிறகு

கேமரா பையை வாசலுக்கு வெளியிலேயே உதறினேன். ப்ளோயரால் இடுக்குகளில் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடலையும் லென்ஸ் வளையங்களையும் துடைத்தேன். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அப்படியே விட்டால் திருகுகளில்தான் முதலில் துரு பிடிக்கும். எல்லாம் துடைத்து முடியும்வரை லென்ஸைக் கழற்றவில்லை. ட்ரைபாட் கால்களை முழு நீளத்துக்கு இழுத்துக் குழாய்த் தண்ணீரில் கழுவி, பூட்டுகளைத் திருகிக் கழற்றி உள்ளே ஒட்டிய மணலை அலசி, பிரித்தபடியே இரவு முழுக்க உலரவிட்டேன். மறுநாள் பூட்டுகளின் புரியில் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டியதும் கால்கள் கரகரப்பு இல்லாமல் இறங்கின.

அடுத்து நான் காத்திருப்பது நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் ஒரு மாலைக்கு. அப்போது சாரல் லென்ஸுக்கு வராது, அலை உடைவதும் தள்ளிப் போகும். உடையும் அலையின் முகட்டிலிருந்து துளிகள் பின்பக்கமாகப் பறந்து, எதிர்வெயிலில் ஒளிரும். 200 மி.மீ., 1/1000 நொடி, ட்ரைபாட் இல்லாமல் கையிலேயே பிடித்து எடுக்கலாம் என்பது திட்டம்.